கையெழுத்து இருக்கிறது சரி, முடிவெடுத்தது யார்?

மக்கள் பங்கேற்புத் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்ய ஊருக்குப் போனால் முதலில் நம் கைக்கு வருவது கிராம சபையின் தீர்மானப் புத்தகம். ஊராட்சி செயலர் தயாராக எடுத்து வைத்திருப்பார். தேதி, தீர்மானங்கள், பக்கம் பக்கமாகக் கையெழுத்து, இடையிடையே கைநாட்டு. "பெண்கள் பெருமளவில் பங்கேற்றனர்" என்று அறிக்கையில் எழுத அதுவே போதும். அப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் அலமாரி அலமாரியாகக் கிடக்கின்றன.

இந்த வேலையே பிழைப்பாக இருப்பதால் சொல்கிறேன், அந்தக் கையெழுத்துகளை அப்படியே நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கும் மேல் என்றால் 300 பேர் வந்தால்தான் கிராம சபைக் கூட்டம் செல்லுபடியாகும். அந்தக் கணக்கை நிரப்பச் சுலபமான வழி, நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களை வரச் சொல்வது. வராவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே பலர் வந்து உட்காருவார்கள். ஆள் வந்தது உண்மை. பேச்சு எடுபட்டதா?

தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசியதை அப்படியே எழுத்தாக்கிக் கணினியில் அலசிய ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. பெண்கள் பேசுவது குறைவு, அவர்கள் எடுத்த விஷயத்தைக் கூட்டம் தொடர்வது குறைவு, அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் வருவதும் குறைவு என்று அது காட்டியது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்களின் குரலுக்குக் காது கிடைப்பது கூடியிருந்தது.

சரி, முடிவெடுத்தது யார் என்பதை எப்படிப் பார்ப்பது? எனக்குப் பிடித்த உதாரணம் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் நடந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு அங்கே கோபிஃபோ என்ற திட்டம் வந்தது. 236 கிராமங்களில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஊருக்குச் சுமார் 5,000 டாலர் கொடுத்தார்கள். பெண்களையும் இளைஞர்களையும் முடிவுகளில் சேர்க்க வேண்டும் என்று கூடவே நின்று வலியுறுத்தினார்கள். எதைக் கண்டால் வெற்றி என்பதை 2005இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். நம் ஊரில் அது பெரும்பாலும் கடைசி மாதத்தில்தான் எழுதப்படுகிறது.

2009இல் ஆய்வாளர்கள் எல்லா ஊர்களுக்கும் போனார்கள். கேள்வித்தாளோடு நிற்கவில்லை. ஊரைக் கூட்டி, "உங்களுக்கு ஒரு பரிசு, உப்பா பேட்டரியா, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். எவ்வளவு நேரம் பேசினார்கள், வாய் திறந்தது யார், பெரியவர்கள் நாலு பேர் தனியாகப் போய்ப் பேசினார்களா என்று குறித்துக்கொண்டார்கள். அப்புறம் ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய தார்ப்பாயைக் கொடுத்துவிட்டு வந்து, சில மாதம் கழித்துத் திரும்பிப் போய்த் தேடினார்கள். ஊர்ப் பொதுவில் இருக்கிறதா, யாராவது ஒருவர் வீட்டில் இருக்கிறதா?

திட்டப் பணத்தில் கட்டியவை நின்றன, ஊர்ப் பொருளாதாரமும் கொஞ்சம் மேம்பட்டிருந்தது. ஆனால் முடிவெடுக்கும் விதத்தில், பெண்களின் பங்கில், திட்டம் வராத ஊர்களுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கட்டடங்களை மட்டும் எண்ணியிருந்தால் முழு வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

நமக்கு அவ்வளவு பணம் கிடைக்காது. ஆனாலும் கிராம சபையில் பற்றாளர் (கூட்டத்தைப் பார்வையிட அனுப்பப்படும் அலுவலர்) பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம். ஒரே ஒரு கோரிக்கையைப் பின்தொடருங்கள். காலனித் தெருவுக்கு விளக்கு வேண்டும் என்று ஒரு பெண் கேட்டால், யாராவது பதில் சொன்னார்களா, தீர்மானத்தில் ஏறியதா, அடுத்த சபையில் அதே பெண் அதையே மறுபடி கேட்கிறாரா என்று பாருங்கள். தீர்மானங்கள் முன்கூட்டியே எழுதி வந்தவையா என்று கவனியுங்கள். மகளிர் குழுத் தலைவிகள் சொல்வதோடு நிறுத்தாமல், குழுவிலேயே சேராத பெண்களிடமும் கேளுங்கள். திட்டம் வராத பக்கத்து ஊராட்சிக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பல அறிக்கைகளில் விட்டுப்போவது அந்த நடைதான்.

திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து ஒருமுறை திரும்பிப் போவதற்கும் ஒப்பந்தத்திலேயே பணம் கேளுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள். கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.