லைசென்சிங்: உரிமை விற்பனை அல்ல, உரிமம்

‘என்எஃப்எல் சின்னங்களின் உரிமையை நைக்கி வாங்கியது.’ என்எஃப்எல் என்ற லீக் நடத்தும் அமெரிக்கக் கால்பந்தின் வியாபாரத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் எப்படியாவது இந்த வாக்கியத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். நைக்கி எதையும் வாங்கவில்லை. அணிகளின் சீருடையைத் தயாரிக்க 2012 முதல் அதற்கு லைசென்ஸ் கிடைத்தது, அவ்வளவுதான். அதற்கு முன் ரீபாக்கிடம் இருந்தது. ரீபாக் உண்மையிலேயே வாங்கியிருந்தால், காலம் முடிந்ததும் சும்மா விட்டுக்கொடுத்திருக்குமா?

வேர் பார்க்க அதிக நேரம் வேண்டாம். லைசென்ஸ், ‘அனுமதிக்கப்பட்டிருத்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. மெர்ச்சண்டைஸ், சரக்கு என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் தொடங்கி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பிராண்ட் என்பது எரிகொள்ளி. மாட்டுக்குப் போட்ட சூடு, பிறகு பெட்டி மேல் போட்ட முத்திரை. தமிழில் ‘உரிமம்’ பழகிய சொல். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் சாலையை வாங்கிவிட்டதாக யாரும் சொல்வதில்லை. விளையாட்டுச் செய்தி என்று வந்ததும்தான் இந்தத் தெளிவு எங்கோ போய்விடுகிறது.

என்எஃப்எல், 1963-இல் என்எஃப்எல் ப்ராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அணிகளின் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் மொத்தமாக உரிமம். ஒரு ஜெர்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஹாலோகிராம் ஒட்டிய அட்டை தொங்கும். மார்பில் உள்ள சின்னத்துக்கு அனுமதி லீகிடமிருந்து. முதுகில் உள்ள வீரரின் பெயருக்கு வீரர்கள் சங்கத்தின் வழியாக வேறோர் அனுமதி. ஒரே சட்டையில் இரண்டு உரிமம். இதில் யார் எதை விற்றார்கள்?

‘உரிமை’க்கும் ‘உரிமம்’ என்பதற்கும் கடைசியில்தானே வித்தியாசம், இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பார்கள். அமெரிக்கன் நீடில் வழக்கைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் தெரியும். இருபது ஆண்டுகளுக்கு மேல் அணிகளின் சின்னம் போட்ட தொப்பிகளைத் தயாரித்த நிறுவனம் அது. 2000-இல் அணிகள் சேர்ந்து, இனி ஒருவருக்கு மட்டும் உரிமம் தரலாம் என்று முடிவெடுத்தன. தொப்பிகள் பத்தாண்டுக்கு ரீபாக்குக்குப் போயின. அந்த நிறுவனம் போட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010-இல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது இது: சின்னம் அந்தந்த அணியின் சொத்து, உரிமம் வழங்கும்போது அணிகள் தனித்தனிப் போட்டியாளர்கள், லீக் என்ற ஒரே உடம்பாகக் கருதி வணிகப் போட்டிச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது. ஆக, உரிமை அணியிடம், உரிமம் தொப்பிக்காரரிடம். தீர்ப்பு நிற்பதே இந்த வேறுபாட்டின் மேல். இரண்டுக்கும் ‘உரிமை’ என்றே எழுதினால், உரிமை உள்ளவர் உரிமை பெற்றவரின் உரிமையைப் பறித்தார் என்று வரும். படிப்பவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

ஒருவருக்கு மட்டும் தரும் உரிமத்தை ‘ஏகபோக உரிமை’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது ஏகபோகமா இல்லையா என்பதைத் தீர்க்கத்தான் நீதிமன்றம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் முந்திக்கொண்டு தீர்ப்பெழுத வேண்டாம். ‘தனி உரிமம்’ போதும்.

இதைவிட வேடிக்கை, ராயல்டியை ‘விலை’ என்று எழுதுவது. விற்பனையில் ஒரு பங்கு சின்னத்துக்குச் சொந்தக்காரருக்குப் போவதுதான் ராயல்டி. நிலத்தை விற்காமல் உழக் கொடுத்து விளைச்சலில் பங்கு வாங்குவதை நம் ஊரில் வாரம் என்றார்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இவ்வளவு என்று பேசினால் குத்தகை. உரிம ஒப்பந்தங்களில் பங்கும் உண்டு, குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையும் உண்டு. வாரமும் குத்தகையும் சேர்ந்தே இருக்கின்றன. ‘வாரம்’ என்று எழுதினால் கிழமைக் கணக்கென்று நினைத்துவிடுவார்கள் என்பதால் ‘உரிமத்தொகை’ என்கிறேன். மனமில்லாமல்தான்.

அணியின் சின்னம் போட்ட பொருள்களை விற்கும் மெர்ச்சண்டைசிங்கை ‘வணிகமயமாக்கல்’ என்பது இன்னொரு தொல்லை. அது திட்டுகிற சொல். கல்வி வணிகமயமாகிவிட்டது என்போம். இங்கே சண்டையே வேறு. 1995-இல் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியின் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ், லீகின் குளிர்பான ஒப்பந்தம் கோக்கோடு இருக்க, தன் மைதானத்துக்கென்று பெப்சியோடு தனி ஒப்பந்தம் போட்டார். லீக் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, அவர் 75 கோடி கேட்டு எதிர்வழக்குப் போட்டார், 1996-இல் சமரசமானது. சண்டை வணிகமயமாகலாமா என்பதைப் பற்றி இல்லை, காசு யாருடைய கணக்கில் சேரும் என்பதைப் பற்றி.

சரி, மெர்ச்சண்டைஸுக்கு என்ன சொல்வது? ‘வணிகப் பொருள்’ என்றால் புளி, மிளகாய்கூட வணிகப் பொருள்தான். ‘சின்னப் பொருள்’ என்றால் சிறிய பொருள் என்றாகிவிடும். நான் ‘இலச்சினைப் பொருள்’ என்று எழுதுகிறேன். வடமொழி வாடை என்று முகம் சுளிப்பவர்கள் ‘அணிமுத்திரைச் சரக்கு’ என்று தொடங்கி, முத்திரையும் வடமொழிதான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள்.