இணைப்பில்லாத இரு சிலிண்டர்கள்: குகை முக்குளிப்பில் ரெகுலேட்டரும் அழுத்தமானியும்

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் நீர் நிறைந்த குகைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கிளைத்துக் கிடக்கின்றன. 2018இல் சாக் அக்துன், தோஸ் ஓஹோஸ் என்னும் இரு குகைத் தொகுதிகளும் ஒன்றே எனத் தெரியவந்தபோது, அதுவரை அளக்கப்பட்ட நீளம் 347 கிலோமீட்டரைத் தொட்டது. இங்கே முக்குளிப்பவர்களில் பலர் சிலிண்டர்களை முதுகில் சுமக்காமல், அக்குளிலிருந்து தொடைவரை பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். 1960களில் இங்கிலாந்தின் நெருக்கமான குகைகளில் தவழ்ந்து போனவர்கள் கையாண்ட வழக்கம் இது. இன்று சைடுமவுண்ட் என்று அழைக்கப்படுகிறது. முதுகு தட்டையாக இருப்பதால் தாழ்ந்த கூரைக்கு அடியிலும் நுழைந்துவிடலாம். ஆனால் முதுகில் சுமக்கும் இரட்டைச் சிலிண்டர்களை மேலே இணைத்து வைக்கும் குறுக்குக் குழாய் இதில் கிடையாது; ஒரு சிலிண்டரின் காற்று மற்றொன்றுக்குப் போக வழியே இல்லை. குழாய்களையும் அழுத்தமானிகளையும் எப்படி அமைப்பது என்பதில் பெரும்பகுதியை இந்த ஓர் உண்மைதான் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு முழு ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை இரு நிலைகளில் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி, வேண்டும். வால்வில் திருகப்படும் முதல் நிலை, 200 பார் அளவிலான அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை, அதையும் குறைத்து, மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருகிறது. வலது சிலிண்டரின் இரண்டாம் நிலைக்கு ஏறக்குறைய 2 மீட்டர் நீளக் குழாய். ஒடுங்கிய பாதையில் இருவர் பக்கம் பக்கமாக நீந்த முடியாது. காற்றிழந்த தோழரோடு மூச்சைப் பகிர்ந்தபடி ஒருவர் பின் ஒருவராக வெளியேற இந்த நீளம் தேவை. மிஞ்சும் குழாயைச் சிலிண்டரோடு மடித்து ரப்பர் பட்டைக்குள் செருகிவைப்பார்கள். இடது சிலிண்டரின் குட்டைக் குழாய் கழுத்துக்குப் பின்னால் சுற்றி வர, அதன் வாய்முனை ரப்பர் கயிற்றில் மோவாய்க்குக் கீழே தொங்கும். நீளக் குழாயில் ஒரு சிறு உலோகக் கொக்கி உண்டு. வாயில் இல்லாதபோது அதை வலது தோள் வளையத்தில் மாட்டிவிடலாம். வாயில் இருக்கும்போது அந்தக் கொக்கி மோவாயில் இடிபடும். சேறு கலங்கிக் கண் தெரியாமல் போனால், எந்தச் சிலிண்டரிலிருந்து மூச்சு வாங்குகிறோம் என்று சொல்வது அந்த இடிதான்.

மிதவைப் பைக்கான குழாயை ஒரு சிலிண்டரிலிருந்தும், உலர் உடைக்கான (நீர் புகாத, உள்ளே காற்று நிரப்பும் உடை) குழாயை மற்றொன்றிலிருந்தும் எடுப்பது வழக்கம். ஒரு பக்கம் செயலிழந்தாலும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் வழி ஒன்றாவது மிஞ்சும்.

அழுத்தமானிகளும் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 15 சென்டிமீட்டர் குழாயில், முதல் நிலையை ஒட்டியே இருக்கும். நீளமாகத் தொங்கினால் வழிகாட்டிக் கயிற்றில் சிக்கிக்கொள்ளும். சிலர் முகப்பை மேல்நோக்கித் திருப்பிவைக்கிறார்கள். குனிந்தாலே எண் தெரியும். சிலர் சிலிண்டரோடு ஒட்டிக் கீழ்நோக்கி வைக்கிறார்கள். படிக்கக் கையால் சற்றுத் திருப்ப வேண்டும், ஆனால் கூரையில் மோதாது. மிகக் குறுகிய குகைக்குப் பின்னதே நல்லது என்பது என் கருத்து. உள்ளே இருப்பது வளைந்த, தட்டையான ஓர் உலோகக் குழல். அழுத்தம் ஏற ஏற அது நிமிர்ந்து முள்ளைத் தள்ளுகிறது. மானியும் குழாயும் சேருமிடத்தில் இரண்டு பொடி ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) கொண்ட ஒரு முளை இருக்கிறது. சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுதான்.

முள்ளைப் படிப்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. குகை முக்குளிப்பின் மூன்றிலொரு பங்கு விதிப்படி, ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, மீதி அவசரத்துக்கு. இரு சிலிண்டர்களும் 200 பாரில் தொடங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் 67 பார் செலவானதும் திரும்ப வேண்டும். உள்ளே வரச் செலவானது மொத்தம் 134, ஒவ்வொன்றிலும் மிஞ்சுவது 133. அந்த இடத்தில் ஒரு சிலிண்டர் முழுதும் போனாலும் மற்றொன்று வெளியே கொண்டுவந்து சேர்க்கும், நூலிழையில். இதே 134 பாரையும் வலதிலிருந்தே இழுத்துவிட்டால் வலதில் 66 நிற்கும், இடதில் 200. இப்போது இடது செயலிழந்தால் வழியில் பாதி தூரம்கூடத் தாண்ட முடியாது. தோழருக்கு நீளக் குழாயைக் கொடுத்தாலும் இதே இக்கட்டு, ஏனெனில் அது வலதோடு கட்டப்பட்டது. ஆகவே 20, 30 பாருக்கு ஒருமுறை வாய்முனையை மாற்றி இரு முள்களையும் ஏறக்குறைய ஒன்றாக இறங்க வைக்கிறார்கள். குறுக்குக் குழாய் செய்யவேண்டிய வேலையை இங்கே மனிதர் செய்கிறார். உடலின் சமநிலைக்கும் இது உதவும்: 11 லிட்டர் சிலிண்டரில் நிறையும் காற்றின் எடையே இரண்டரை கிலோவுக்கு மேல்.

கசிவு வந்தால் முதுகில் சுமப்பவர் வால்வைத் தலைக்குப் பின்னால் தடவ வேண்டும். சைடுமவுண்டில் அது அக்குளுக்கு அருகே, கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கிறது. ரெகுலேட்டர் அடைபடாமல் காற்றைக் கொட்டினால், மூச்சுக்கு மூச்சு வால்வைத் திறந்து மூடி அந்தக் காற்றையே சுவாசித்துக்கொண்டு திரும்பலாம். அப்படிச் செய்யும்போது பழுதான சிலிண்டரையே முதலில் காலி செய்வார்கள். நல்ல சிலிண்டரைத் தொடாமல் வைத்திருந்து, முள் பூஜ்ஜியத்தை நெருங்கும்போதுதான் அதற்கு மாறுவார்கள்.