மட்டுறுத்தல்: தணிக்கையினின்று பிரித்தறிய வேண்டிய சொல்

யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் கல்வித் தளங்களில், படிப்பவரைக் கூச வைக்கவோ புண்படுத்தவோ கூடிய படமும் எழுத்தும் வந்து சேருவது இயல்பு. அவற்றைக் கையாளும் வேலைக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன: தணிக்கை, மட்டுறுத்தல். செய்தி எழுதுவோரும் தளங்களை நடத்துவோரும்கூட ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுகின்றனர். சென்சார்ஷிப், மாடரேஷன் என ஆங்கிலம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் செயல்கள் இவை. தமிழிலும் அவற்றைப் பிரித்தே வழங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தணிக்கை என்ற சொல்லைப் பார்த்ததும் 'தணி' என்னும் தமிழ் வேர் நினைவுக்கு வரும். சூடு தணிகிறது, சினம் தணிகிறது என்பதுபோல, கடுமையானதைக் குறைப்பதே தணிக்கை என்று பலரும் பொருள் கொள்கின்றனர். ஆனால் இச்சொல் அரபு மொழியின் 'தன்கீஹ்' என்பதிலிருந்து உருது வழியாக வந்தது. கிளைகளைக் கழித்துச் செப்பனிடுதல், திருத்துதல் என்பன அரபில் அதன் பொருள்கள். உருதுவில் அது விசாரணையையும் ஆய்வையும் குறித்தது. தெலுங்கில் 'தனிகீ' என்றும் கன்னடத்தில் 'தனிகெ' என்றும் இன்றும் சோதனைக்கும் விசாரணைக்கும் வழங்குவது இதே சொல்தான். தமிழிலும் கணக்குத் தணிக்கை என்னும் தொடரில் அந்தப் பழம்பொருள் சிதையாமல் நிற்கிறது. அதிகாரம் பெற்ற ஒருவர், பிறருடைய ஆவணத்தை வாங்கி, வரிவரியாகப் பார்த்து, ஒப்புதல் முத்திரை இடுவதோ மறுப்பதோ தணிக்கை. திரைப்படத்துக்கு இச்சொல் பொருந்தியதும் அதனால்தான். இந்தியாவில் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய அந்த ஏற்பாட்டை நடத்தும் மத்திய வாரியம் 1983இல் தன் பெயரிலிருந்த சென்சார் என்ற சொல்லை நீக்கிச் சான்றளிப்பு என்று மாற்றிக்கொண்ட பிறகும், தமிழ் வழக்கு தணிக்கைக் குழு என்றே அதைச் சொல்லி வருகிறது.

ஆங்கிலச் சொல்லின் மூலமும் கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. பண்டைய ரோமில் குடிமக்களையும் அவர்கள் சொத்தையும் எண்ணிப் பதிந்த அதிகாரிக்குச் சென்சார் என்று பெயர். ஒழுக்கம் தவறியவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரமும் அவருக்கே இருந்தது. கி.மு. 184இல் அப்பதவிக்கு வந்த கேட்டோ, பட்டப்பகலில் மகள் எதிரில் மனைவியைத் தழுவி முத்தமிட்டார் என்பதற்காக ஒருவரை ஆட்சிமன்றத்திலிருந்து வெளியேற்றினார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எண்ணும் அதிகாரம் நீக்கும் அதிகாரமாக வளர்ந்த கதை சென்சாரிலும் உண்டு, தணிக்கையிலும் உண்டு. ஆகவே சென்சார்ஷிப்புக்குத் தணிக்கை சரியான நிகர்ச்சொல். அதில் குறை சொல்ல இடமில்லை.

மட்டுறுத்தலின் பிறப்பு வேறு. மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டற்ற மகிழ்ச்சி, மட்டு மரியாதை, என்னைப் பொறுத்தமட்டில் என்று நாள்தோறும் நாம் சொல்வனவற்றில் எல்லாம் இருப்பது இந்த மட்டுதான். (சங்கப் பாடல்களில் கள்ளைக் குறிக்கும் மட்டு வேறு சொல், இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது.) 'உறுத்து' என்பது 'உறு' என்னும் வினையின் பிறவினை வடிவம். அறிவுறுத்து என்றால் அறிவை உறச் செய்வது. வலியுறுத்து என்றால் வலிமை உறச் செய்வது. அவ்வாறே மட்டுறுத்து என்றால் ஓர் அளவுக்குள் நிற்கச் செய்வது. மாடரேஷன் என்பதன் இலத்தீன் மூலமாகிய 'மோதுஸ்' என்பதற்கும் அளவு என்றே பொருள். இவ்வளவு நெருங்கிய நிகர் அமைவது அரிது. தமிழ் இணையம் தழைத்த 2000களில் பரவிய இச்சொல்லிலிருந்து, அப்பணியைச் செய்பவருக்கு மட்டுறுத்துநர் என்ற பெயரும் பிறந்து நிலைத்துவிட்டது. அணு உலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் மாடரேட்டரைப் பள்ளிப் பாடநூல்கள் தணிப்பான் என்கின்றன. அங்கே அது பொருத்தமே. அதைக் கொண்டு வந்து இங்கே பொருத்த வேண்டியதில்லை.

இனி, இரண்டு செயல்களும் எங்கே பிரிகின்றன என்பதை விக்கிப்பீடியாவின் அனுபவத்தைக் கொண்டு காணலாம். 2008 டிசம்பர் 5 அன்று, பிரிட்டனில் இணையத்தைக் கண்காணிக்கும் இன்டர்நெட் வாட்ச் ஃபவுண்டேஷன், ஜெர்மன் ராக் குழு ஒன்றின் 1976ஆம் ஆண்டு இசைத்தட்டு உறையில் இருந்த சிறுமியின் படம் சட்டத்துக்குப் புறம்பானதாக இருக்கலாம் எனக் கருதி, அது இடம்பெற்ற பக்கத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. படம் குறித்த கவலை நியாயமானது. ஆனால் படத்தோடு, அதன் வரலாற்றையும் சர்ச்சையையும் விளக்கிய கட்டுரையும் மறைந்தது. இத்தடையைச் செயல்படுத்த, பெரிய இணையச் சேவை நிறுவனங்கள் விக்கிப்பீடியாவுக்கான போக்குவரத்தைச் சில வழங்கிகள் வழியே திருப்பிவிட்டதால், பிரிட்டிஷ் பயனர் பெருந்தொகையினர் ஒருசில இணைய முகவரிகளிலிருந்தே வருவதுபோல் தெரிந்தனர். விஷமிகளைப் பிரித்தறிய வழியில்லாமல், கணக்குத் தொடங்காத பலர் கட்டுரைகளைத் திருத்தும் வாய்ப்பை இழந்தனர். டிசம்பர் 9 அன்று தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. பாடத்தை எழுதியவரையும் படிப்பவரையும் கேளாமல் வெளியிலிருந்து நடந்த இச்செயலுக்குத் தணிக்கை என்ற பெயர் தகும்.

அடுத்த ஆண்டு எழுந்த சிக்கல் வேறு வகையானது. மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் தம் உளவியல் சோதனைக்காக 1921இல் வெளியிட்ட பத்து மைக்கறைப் படங்களையும் கனடிய மருத்துவர் ஒருவர் அச்சோதனை பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் சேர்த்தார். முன்கூட்டியே பார்த்துவிட்டவரிடம் சோதனை பயன்படாமற்போகும் என்று உளவியலாளர்கள் எதிர்த்தனர். பதிப்புரிமை முடிந்த படங்களைக் கலைக்களஞ்சியம் மறைக்கக் கூடாது என்றனர் மறுதரப்பினர். நெடிய வாதத்துக்குப் பின் படங்கள் நின்றன. நீக்கியிருந்தாலும்கூட அதை மட்டுறுத்தல் என்றே சொல்லியிருப்பேன். காரணங்கள் பொதுவில் வைக்கப்பட்டன, எதிர்க்கருத்துக்கு இடமிருந்தது, முடிவை எவரும் மீண்டும் எழுப்பலாம். நீக்கம் என்னும் விளைவை மட்டும் பார்த்துத் தணிக்கை என்று சொல்வது பிழை. யார், எந்த நெறியால், எவர் அறிய முடிவெடுத்தார் என்பதே பெயரைத் தீர்மானிக்க வேண்டும்.

அளவு என்ற வேர்ப்பொருள் முழுமையாக விளங்குவது 2011ஆம் ஆண்டு விவாதத்தில். அவ்வாண்டு மே மாதம், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழு, வாசகர் எதிர்பாராத அதிர்ச்சிக்கு உள்ளாகாதபடி உள்ளடக்கம் அமைய வேண்டும் என்ற நெறியை ஏற்றது. மின்சாரப் பல்துலக்கியைத் தேடியவர் முன் பாலுறவுப் படம் வந்து நின்றது அப்போது அடிக்கடி காட்டப்பட்ட உதாரணம். அந்தப் படத்தை அழிக்க வேண்டியதில்லை. பாலியல் கட்டுரையில் அதற்கு இடமிருக்கலாம், பல்துலக்கியைத் தேடியவரின் முன்னே இடமில்லை. மகப்பேற்றுக் கட்டுரையில் மகப்பேற்றின் படமும், பெரியம்மைக் கட்டுரையில் கொப்புளம் மூடிய உடலின் படமும் இருக்க வேண்டும். பாடத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அதுவே மட்டு.

அதே தீர்மானம், விரும்பாத படங்களை வாசகர் தாமே மறைத்துக்கொள்ள ஒரு கருவியையும் கேட்டது. கேட்க நல்லதாகத் தோன்றும் இந்த யோசனையை ஜெர்மன் விக்கிப்பீடியர்களில் வாக்களித்தோரில் நூற்றுக்கு 86 பேர் எதிர்த்தனர். மறைக்க வேண்டுமானால் முதலில் வன்முறை, நிர்வாணம், சமயம் என்று படங்களுக்கு முத்திரை குத்த வேண்டும். அந்தப் பட்டியல் உருவாகிவிட்டால், வாசகருக்குப் பதில் ஓர் அரசோ இணைய நிறுவனமோ அதை எடுத்துத் தடை போடலாம். நூல்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டுவதை அமெரிக்க நூலகச் சங்கம் 1951இலேயே எதிர்த்ததும் இவ்வச்சத்தால்தான். அறங்காவலர்கள் 2012இல் கருவிக்கான கோரிக்கையைத் திரும்பப் பெற்றனர். மட்டுறுத்தலுக்கென்று செய்யும் கருவி தணிக்கையின் கைக்குப் போகக்கூடும் என்பதைக் கண்டுகொள்ளவே, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் தேவைப்படுகிறது.

தமிழில் கல்வித் தளம் நடத்துவோர் தம் விதிமுறைப் பக்கத்துக்கு 'மட்டுறுத்தல் நெறி' என்று தலைப்பிடலாம். அரசோ வேறு வெளி அமைப்போ கேட்டு நீக்கியவற்றை அதில் கலக்காமல், 'தணிக்கைக்கு உள்ளானவை' என்று தனியே காட்ட வேண்டும். வாசகர் தாமே படத்தை மூடிக்கொள்வதற்கு 'மறைப்பு' போதும். கட்டுரையின் தலையில் இடும் அறிவிப்புக்கு 'முன்னறிவிப்பு' போதும். 'ஆட்சேபகரமான உள்ளடக்கம்' என்று பொத்தாம் பொதுவாக எழுதாமல், வன்முறைப் படம், உடற்கூற்றுப் படம், வசைச்சொல் என்று இருப்பதை இருக்கிறபடியே பெயரிட்டால், மட்டு எங்கே விழ வேண்டும் என்பதைப் பற்றி வாசகரும் பேச முடியும்.