பள்ளியில் உளவியலாளர்: பிள்ளைக்கு என்ன கிடைக்க வேண்டும், நாம் எதைக் கேட்கலாம்?

கவுன்சிலிங் என்றாலே நம் ஊரில் பாதிப் பேருக்கு இன்ஜினீயரிங் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். ஆசிரியர்களைக் கேட்டால் இடமாறுதல் கலந்தாய்வைச் சொல்வார்கள். மூன்றாவதாக ஒரு கவுன்சிலிங் இருக்கிறது: பள்ளிக்கூடத்திலேயே ஓர் அறையில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் பேசுகிற உளவியலாளரின் வேலை. பல பள்ளிகளில் நிர்வாகம் மனமிருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த இந்த ஏற்பாடு, 2025 ஜூலை 25 முதல் கட்டாயம்.

அன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு அந்தத் தீர்ப்பை வழங்கியது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி 2023-இல் இறந்துபோனார். சிபிஐ விசாரணை வேண்டும் என்று தந்தை தொடுத்த வழக்கு அது. விசாரணையை சிபிஐக்கு மாற்றியதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. 2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகக் கூறும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைச் சுட்டிக்காட்டி, பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி எல்லாவற்றுக்கும் 15 வழிகாட்டுதல்களை விதித்தது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பாகுபாடு இல்லை. உரிய சட்டம் வரும்வரை இவற்றுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் 100. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனத்தில், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும். நூறுக்குக் குறைவாக இருந்தால் வெளியில் உள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு ஏற்படுத்தி, தேவைப்படும் பிள்ளையை அங்கே அனுப்ப வழி செய்ய வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி. உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பது, எல்லோர் முன்பும் அவமானப்படுத்துவது இரண்டையும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை எத்தனை பள்ளிகள் படித்துப் பார்த்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது.

சிபிஎஸ்இ பள்ளிகள் "எங்களுக்கு இது புதுசு" என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த வாரியத்தின் 2018-ஆம் ஆண்டு இணைப்பு விதிகளிலேயே ஆலோசகர் கட்டாயம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 300 மாணவர்களுக்குக் குறைவாக இருந்தால் பகுதிநேர ஆலோசகர் போதும் என்ற சலுகை மட்டும் அந்த விதிகளில் இருந்தது.

யார் யார் என்பதிலும் குழப்பம் நிறைய. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர்; மருந்து எழுதித் தரலாம். உளவியலாளர் மருந்து தரமாட்டார். பேசுவார், கவனிப்பார், சோதனைகள் செய்வார். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்டியிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். சிறப்பாசிரியர் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருபவர். நன்னெறி வகுப்பு எடுக்கும் தமிழாசிரியரை அழைத்து "இனி நீங்கதான் சார் கவுன்சிலர்" என்று சொல்லிவிடுவது இதில் எந்த வகையிலும் சேராது.

சரி, பள்ளி உளவியலாளர் உண்மையில் என்னதான் செய்கிறார்? ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் இருப்பதைப் பாதிதான் எழுதுவான். கணக்கை வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்வான். தாளில் எழுதச் சொன்னால் 'ல'வும் 'வ'வும் இடம் மாறும். டைரியில் வாரம் இரண்டு முறை சிவப்பு மையில் "கவனம் இல்லை". வீட்டில் அடி. இவனை உளவியலாளரிடம் அனுப்பினால் முதல் நாளே சோதனை தொடங்காது. முதலில் கண், காது பார்த்தாயிற்றா என்று கேட்பார். நோட்டுகளைப் புரட்டுவார். வகுப்பில் பின்னால் உட்கார்ந்து ஒரு பீரியட் அவனைக் கவனிப்பார். அம்மாவிடம், பிள்ளை எப்போது பேச ஆரம்பித்தான், எப்போது நடந்தான் என்பதுவரை விசாரிப்பார். அதன் பிறகே பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனையும் கற்றல் குறைபாட்டுக்கான சோதனையும். பாதி நாள் ஆகும்; சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று அமர்வுகள்.

அறிக்கை கைக்கு வந்ததும் பெற்றோர் கண் நேராக ஐக்யூ எண்ணுக்குத்தான் போகும். அதை விட்டுவிட்டு, எதில் சிரமம், என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கும் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். காசு கொடுத்து வாங்கிய அறிக்கையில் உபயோகமான பக்கம் அதுதான். 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் மட்டும் வரும் சிரமம்) 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஒன்று. உரிய சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுதும் உதவியாளரும், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் ஆகாது, எட்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது ரகசியம். "என் பிள்ளை என்ன சொன்னான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். பொதுவாக உளவியலாளர் சொல்லமாட்டார். சொன்னால் மறுநாள் அந்த அறைக்கு ஒரு பிள்ளையும் வராது. பிள்ளை தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் ஆபத்து தெரிந்தால் மட்டும் வீட்டுக்குத் தெரிவிப்பார். பாலியல் சீண்டல் விஷயம் வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அது தெரியவந்தவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. "ஸ்கூல் பேரு கெட்டுடும், உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்வதே குற்றத்தில்தான் போய் முடியும்.

இதனால் எல்லாம் பலன் உண்டா? நம் நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 'சேஹர்' என்ற பெயரில் நடந்த ஆய்வு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. எழுபத்துச் சொச்சம் அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் பயிற்சி கொடுத்து வெளியிலிருந்து நியமித்த ஆலோசகர்கள், இன்னொரு பகுதியில் அதே வேலையைச் செய்யப் பள்ளியின் ஆசிரியர்கள், மூன்றாவதில் வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடம் மட்டும். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டது. மாணவர்களின் மனச்சோர்வு, ஒருவரை ஒருவர் சீண்டுவது, வன்முறை எல்லாம் குறைந்தன. ஆசிரியரே செய்த பள்ளிகளில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. காலையில் மார்க் குறைந்ததற்குத் திட்டியவரிடமே மதியம் போய் மனசைத் திறந்து பேசு என்றால் எந்தப் பிள்ளை பேசும்? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆலோசகர்கள் அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசியது வேலையில் ஒரு பங்குதான். பெயர் போடாமல் எழுதிப்போடப் பெட்டி வைத்தார்கள், சுவரிதழ் நடத்தினார்கள், மாணவர் குழுக்களைக் கூட்டினார்கள். முழுப் பள்ளியையும் தொட்டதால்தான் மாற்றம் வந்தது என்பது என் வாசிப்பு. ஆலோசகரை நியமித்துவிட்டு, லீவில் போன ஆசிரியரின் பீரியடுக்கும் ஆண்டுவிழா வேலைக்கும் அவரையே அனுப்பும் பள்ளியில் நியமனம் காகிதத்தோடு சரி.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் நிலை வேறு. நடமாடும் ஆலோசனை மையங்கள் என்று அரசு பத்து வண்டிகளை விட்டது. வண்டிக்கு ஓர் உளவியலாளர். நல்ல யோசனை. ஆனால் அரசுப் பள்ளிகள் மட்டுமே 37,000-க்கும் மேல். பத்துப் பேர் எத்தனை ஊருக்குத்தான் போவார்கள்? பின்லாந்தில் 780 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் என்பது சட்டம். கேட்ட ஏழு பள்ளி நாட்களுக்குள் பிள்ளையைப் பார்க்க வேண்டும், அவசரமென்றால் அன்றோ மறுநாளோ. நம் தீர்ப்பு நூறு மாணவர்கள் என்று தொடங்கும் இடத்தைச் சொன்னதே தவிர, இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு எத்தனை பேர் என்று எண் சொல்லவில்லை.

எனவே கேட்பது நம் கையில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ எழுத்தில் கொடுங்கள்: ஆலோசகர் யார், என்ன படித்தவர், எந்த நாளில் எந்த அறையில் இருப்பார், எங்கள் பிள்ளை நேரடியாகப் போய்ப் பார்க்கலாமா அல்லது வகுப்பாசிரியர் அனுமதி வேண்டுமா. பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அதே கடிதத்தின் நகல். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இடையில் பிள்ளைக்கோ உங்களுக்கோ உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. குழந்தைகளுக்கான 1098-உம் உண்டு.

பிள்ளை முதல் முறை போகிற அன்று காலையில், ஊசி கிடையாது, பரீட்சை கிடையாது, ஒரு அக்கா பேசுவாங்க, பிடிக்கலைன்னா பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். சாயங்காலம் வந்ததும் "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன?" என்று ஆரம்பிக்க வேண்டாம். பசிக்குதா என்று கேளுங்கள்.