ஸோனிங்: நிலப்பயன் பகுப்பும் குறுவீட்டின் தரிப்பிடமும்

அமெரிக்கச் சிறு நகரம் ஒன்றின் திட்டமிடல் அலுவலகத்துக்குள் நுழைந்தால், பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது நகரத்தின் வண்ண வரைபடம்தான். குடியிருப்புகளுக்கு மஞ்சள், கடைவீதிகளுக்குச் சிவப்பு, தொழிற்கூடங்களுக்கு ஊதா என்று நிறம் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் மீதும் ‘ஆர்-1’, ‘ஆர்-2’, ‘சி-1’ என்று எழுத்தும் எண்ணும் இட்டிருப்பார்கள் (‘ஆர்’ குடியிருப்பைக் குறிக்கும், ‘சி’ வணிகத்தைக் குறிக்கும்). குறுவீடு, அதாவது மிகச் சிறிய வீடு ஒன்றைக் கட்டியோ வாங்கியோ வைத்துக்கொண்டு அதற்கு இடம் தேடுகிறவர் அந்த வரைபடத்தின் முன் நின்று கேட்கும் முதற்கேள்வி, ‘இங்கே ஸோனிங் என்ன?’, அதாவது இந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நகரம் வகுத்திருக்கிறது, என்பது; அடுத்தது, ‘பார்க்கிங் உண்டா?’ என்பது. இவ்விரு சொற்களையும் தமிழில் பேசும்போதும் நாம் அப்படியே எடுத்து வழங்குகிறோம். வழங்குவதில் குற்றமில்லை. ஆனால் இரண்டும் தம்முள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை ஒளித்து வைத்திருக்கின்றன என்பதை அறியாமல் வழங்கினால், விண்ணப்பக் கட்டணம் செலுத்தி, மாதக்கணக்கில் காத்திருந்து, இறுதியில் ‘நீங்கள் கேட்டது வேறு, எங்கள் விதி சொல்வது வேறு’ என்னும் விடையைப் பெற நேரும்.

‘ஸோன்’ என்பதன் மூலம் கிரேக்கச் சொல்லாகிய ‘ஸோனே’. அதன் பொருள் இடையில் கட்டும் கச்சை. நம் இலக்கிய வழக்கில் சொன்னால் மேகலை. உடலைச் சுற்றிக் கட்டுவது என்னும் பொருளிலிருந்து, பூமியைச் சுற்றிக் கட்டியது போல அமைந்த வெப்பப் பட்டை, மிதவெப்பப் பட்டை, குளிர்ப் பட்டை ஆகியவற்றுக்கு அது பெயராயிற்று. இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் பரவிய அச்சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்துக்கு வந்தது. 1891-இல் செருமனியின் பிராங்க்ஃபர்ட் நகரம், உள்வட்டத்தில் எவ்வளவு உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டலாம், வெளிவட்டத்தில் எவ்வளவு என்று பிரித்து விதி வகுத்தபோது, நகரத்தைச் சுற்றிய கச்சை என்னும் படிமம் இன்னும் உயிரோடு இருந்தது. அமெரிக்காவுக்குப் போன பிறகு அந்த வட்ட வடிவம் மறைந்து, தெருவுக்குத் தெரு, சில இடங்களில் மனைக்கு மனை மாறுகிற கட்டங்களாக அது உருமாறியது. நியூயார்க்கின் ஈக்விட்டபிள் கட்டடம் 1915-இல் எழுந்து அக்கம்பக்கத்துத் தெருக்களின் வெளிச்சத்தை மறைத்ததும், அடுத்த ஆண்டே அந்நகரம் தன் முழுப் பரப்புக்குமான பகுப்பு விதிகளை இயற்றியதும் இந்தச் சொல்லின் வரலாற்றில் ஒரு திருப்பம்.

ஆனால் சிறு வீடுகளைப் பற்றிப் பேசும்போது நாம் நின்று பார்க்க வேண்டிய ஊர் நியூயார்க் அன்று. ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லண்டை ஒட்டி, அன்று சிற்றூராக இருந்த யூக்ளிட். 1922-இல் அவ்வூர் தன் நிலத்தைப் பயன்வகையால் ஆறாகப் பகுத்தது. 68 ஏக்கர் நிலம் வைத்திருந்த ஆம்பிளர் நிறுவனம் இதனால் தன் நிலத்தின் மதிப்புக் குறைந்துவிட்டது என்று வழக்காட, 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. சரியான பொருளே தவறான இடத்தில் இருந்தால் தொல்லையாகும், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்குள் வந்தது போல என்று நீதிபதி ஜார்ஜ் சதர்லண்ட் எழுதினார். இப்பகுப்புமுறைக்கு இன்றளவும் ‘யூக்ளிடியன்’ என்றே பெயர். வடிவக்கணக்கோடு அப்பெயருக்கு நேரடித் தொடர்பு இல்லை. நில அளவையாளர்கள் தங்கள் துறையின் முன்னோராகக் கருதிய கிரேக்கக் கணித அறிஞரின் பெயரை அவ்வூருக்கு இட்டார்கள், ஊரின் பெயர் சட்டத்துக்கு ஆகிவந்தது. அதே தீர்ப்பில், தனி வீடுகள் இருக்கும் பகுதிக்குள் வரும் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பெரும்பாலும் ஒட்டுண்ணி என்றே சதர்லண்ட் குறிப்பிட்டார். சிறிய இருப்பிடங்கள் பெரிய வீடுகளின் அமைதியைக் கெடுக்கும் என்னும் ஐயம் இக்கோட்பாடு பிறந்த நாளிலேயே அதனோடு சேர்ந்து பிறந்தது என்பதை இது காட்டுகிறது. குறுவீட்டுக்காரர் இன்று எதிர்கொள்ளும் தடைகளுள் பாதி அந்த ஐயத்தின் வழித்தோன்றல்கள் என்பதே என் கருத்து.

இனித் தமிழுக்கு வருவோம். ‘ஸோன்’ என்பதற்கு நம்மிடம் இரு சொற்கள் நிலைபெற்றுள்ளன. தமிழகத்தில் ‘மண்டலம்’ என்கிறோம். இலங்கைத் தமிழர் ‘வலயம்’ என்கின்றனர். வலயம் என்பது வளையம், கைவளை என்னும் பொருளுடையது. கிரேக்கர் இடையில் அணிந்ததன் பெயரால் வழங்கியதை நாம் கையில் அணிவதன் பெயரால் வழங்குகிறோம் என்பது யாரும் திட்டமிடாத அழகான ஒற்றுமை. மண்டலம் என்பதும் வட்டம் என்னும் பொருளில் தொடங்கி, தொண்டைமண்டலம், சோழமண்டலம் என்று நாட்டுப் பிரிவைக் குறிக்க வந்ததே. ஆகவே வரைபடத்தில் மஞ்சள் பூசிய பகுதியைக் ‘குடியிருப்பு மண்டலம்’ என்றோ ‘குடியிருப்பு வலயம்’ என்றோ சொல்வதில் எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் ‘ஸோனிங்’ என்னும் செயற்பெயரில்தான் இருக்கிறது. மண்டலம் என்பது பகுத்தபின் கிடைக்கும் துண்டின் பெயரே தவிர, பகுக்கும் செயலின் பெயர் அன்று. ‘மண்டலமாக்கல்’ என்று சொல்லலாம். ஆனால் எதை ஆக்குகிறார்கள் என்பது அதில் விளங்கவில்லை. ‘நிலப்பிரிவினை’ என்றால் உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொள்வது நினைவுக்கு வரும். ‘மனைப்பிரிவு’ என்பதோ நிலத்தை வீட்டுமனைகளாகக் கூறுபோட்டு விற்பதற்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது. இங்கே பகுக்கப்படுவது நிலத்தின் உடைமை அன்று, பயன். நிலம் உரியவரிடமே இருக்கிறது. அதில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைத்தான் நகரம் வகைப்படுத்துகிறது. ஆகையால் ‘நிலப்பயன் பகுப்பு’ என்பதே ‘ஸோனிங்’ என்பதற்குத் தகுந்த தமிழ் என்று கருதுகிறேன். பகுக்கும் செயலுக்கு நிலப்பயன் பகுப்பு, அதனால் விளையும் பகுதிக்கு மண்டலம் அல்லது வலயம், வகையை மாற்றக் கோருவதற்கு மறுபகுப்பு, வகையை மாற்றாமல் ஒரு மனைக்கு மட்டும் விதியைத் தளர்த்துவதற்கு விலக்கிசைவு என்று வைத்துக்கொண்டால், அலுவலகத்தில் கேட்க வேண்டியதைத் தடுமாறாமல் கேட்கலாம்.

அடுத்தது ‘டைனி ஹோம்’. இதற்குச் ‘சிற்றில்’ என்னும் பழஞ்சொல்லை எடுத்தாள விரும்புவோர் இருக்கலாம். மகன் எங்கே என்று கேட்பவளுக்குச் சிற்றிலின் தூணைப் பற்றி நிற்கிறாயே என்று ஒரு தாய் விடையிறுக்கும் புறநானூற்றின் 86-ஆம் பாடலில் அது எளிய வீட்டைக் குறிக்கிறது. ஆனால் பிற்காலத்தில் சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் வீடு என்னும் பொருளே ஓங்கி, பிள்ளைத்தமிழில் ‘சிற்றில் சிதைத்தல்’ ஒரு பருவமாகவே ஆகிவிட்டது. சிதைக்கப்படுவதற்கென்றே பெயர்பெற்ற ஒன்றின் சொல்லை, தன் வீடு நிலைக்க வேண்டும் என்று மன்றாடுகிறவரின் விண்ணப்பத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘சிறுவீடு’ என்றால் அளவு தெளிவாக இல்லை. அரசுத் தமிழில் ‘குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்’ என்னும் வரிசை நன்கு ஊன்றிவிட்டது. அதில் சிறுமைக்கும் கீழ்ப்பட்ட அளவு ‘குறு’. அந்த அளவுமுறையைப் பின்பற்றி ‘குறுவீடு’ என்பதே துல்லியமானது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் தழுவும் பன்னாட்டுக் குடியிருப்பு விதித்தொகுப்பின் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘கியூ’ என்னும் பின்னிணைப்பு, பரண் நீங்கலாக 400 சதுர அடிக்கு மிகாத தளப்பரப்புள்ள இருப்பிடம் என்று இதற்கு வரையறை தந்தது. பரணுக்கும் அது அளவு கூறியது: குறைந்தது 35 சதுர அடி.

இவ்விடத்தில் பலரும் இடறி விழுகிறார்கள். வரையறைக்குப் பொருந்தும் வீட்டைக் கட்டிவிட்டோம், இனி அனுமதி கிடைத்துவிடும் என்று எண்ணுகிறார்கள். வீடு எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதைச் சொல்வது கட்டட விதி. அது எங்கே நிற்கலாம் என்பதைச் சொல்வது நிலப்பயன் பகுப்பு. மேற்சொன்ன பின்னிணைப்பு முதல்வகையைச் சேர்ந்தது. அதையும் மாநிலமோ நகரமோ தனியே ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே செல்லுபடியாகும். இரண்டாம் வகை விதி ஒவ்வொரு நகரத்துக்கும் வேறு. ஒரு வீட்டின் தளப்பரப்பு இத்தனை சதுர அடிக்குக் குறையக்கூடாது, ஒரு மனைக்கு ஒரு முதன்மை வீடுதான், வேலியிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்னும் விதிகளெல்லாம் பகுப்பைச் சேர்ந்தவை. ‘ஆர்-1’ மண்டலத்தில் குறைந்தபட்சப் பரப்பு விதி இருக்குமானால், கட்டட விதிக்கு முற்றிலும் பொருந்திய குறுவீடும் அங்கே முதன்மை வீடாக நிற்க முடியாது. அப்போது பின்கொல்லையில் துணைக் குடியிருப்பாக அதை வைக்க இசைவு உண்டா என்று பார்க்க வேண்டும்.

‘பார்க்கிங்’ என்னும் சொல்லின் கதை இன்னும் வளமானது. ‘பார்க்’ என்பது பழைய பிரெஞ்சு மொழியில் வேட்டை விலங்குகளுக்காக வேலியிட்டு அடைத்த நிலம். பிறகு, படை தங்கும் பாடியில் பீரங்கிகளையும் வண்டிகளையும் ஒழுங்காக நிறுத்திவைக்கும் இடத்துக்கு அப்பெயர் வந்தது. வண்டியை நிறுத்துதல் என்னும் இன்றைய வினை அங்கிருந்து பிறந்ததே. இடையில் ஒரு கிளைப்பொருளும் தோன்றியது. 1870-களில் வாஷிங்டன் நகரின் ‘பார்க்கிங்’ ஆணையத்தின் பணி தெருவோரங்களில் மரம் நடுவதாக இருந்தது! தெருவுக்கும் நடைபாதைக்கும் இடைப்பட்ட புல்வரிசையை அமெரிக்காவின் சில பகுதிகளில் இன்றும் இச்சொல்லால் வழங்குகிறார்கள்.

குறுவீட்டுப் பேச்சில் இச்சொல் இரண்டாகப் பிளவுபடுகிறது. முதலாவது, வீட்டில் குடியிருப்பவரின் காருக்கான இடம். தனி வீடு ஒன்றுக்குத் தெருவில் அல்லாமல் மனைக்குள்ளேயே இரண்டு கார்களுக்கு இடம் விட வேண்டும் என்பது பல நகரங்களின் விதி. ஒரு காருக்கு 9 அடி அகலம், 18 அடி நீளம் என்பது வழக்கமான அளவு. அது 162 சதுர அடி, இரண்டுக்கு 324. சக்கரத்தின் மேல் கட்டி, சாலையில் சிறப்பு அனுமதியின்றி இழுத்துச் செல்லத்தக்க குறுவீட்டின் அகலம் எட்டரை அடி; நீளம் 24 அடி என்று கொண்டால் அதன் தளம் 204 சதுர அடி. மனிதர் உண்டு உறங்கி வாழும் இடத்தைவிட அவர்களுடைய கார்களுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் நிலம் கேட்கிறது விதி. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் 2017-இல் இத்தகைய கட்டாய அளவை நகரமெங்கும் நீக்கியது. சிறு நகரங்கள் இதை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாவது பொருளில், நிறுத்தப்படுவது கார் அன்று, வீடே. சக்கரத்தின் மேல் கட்டிய குறுவீட்டைப் பொறுத்தவரை ‘பார்க்கிங் கிடைத்ததா?’ என்று கேட்டால், குடியிருக்க இடம் கிடைத்ததா என்றே பொருள். பல நகரங்களின் விதியோ, இத்தகைய வண்டியை உங்கள் மனையில் நிறுத்திவைக்கலாம், அதில் குடியிருக்கக் கூடாது என்கிறது. ‘பார்க்கிங் உண்டு’ என்னும் விடையை நம்பி வீட்டை இழுத்துக்கொண்டு வந்தவர் ஏமாறுவது இங்கேதான். இங்கே தமிழ் கைகொடுக்கிறது. ‘நிறுத்துமிடம்’ என்பது ஆளின்றி வண்டி நிற்கும் இடம். இலங்கைத் தமிழில் பேருந்துக்கும் பிற வண்டிகளுக்கும் வழங்கும் ‘தரிப்பிடம்’ என்பதில், தரித்தல் என்னும் வினைக்குத் தங்குதல், நிலைத்திருத்தல் என்னும் பொருள்களும் உண்டு. எனவே காருக்கு நிறுத்துமிடம், சக்கரக் குறுவீட்டுக்குத் தரிப்பிடம் என்று பிரித்து வழங்கினால், ஒரே சொல்லால் விளையும் குழப்பம் தீரும். ‘நிறுத்தலாமா?’ என்று கேட்பதும் ‘தரிக்கலாமா?’ என்று கேட்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பது கேட்கும்போதே விளங்கிவிடும். வீடு என்னும் நம் சொல்லிலும் தங்கலின் சாயல் உண்டு; படை தங்கிய இடம் படைவீடு, வழிப்போக்கர் தங்குவது விடுதி.

நகரங்கள் இவ்விரண்டாம் கேள்விக்கு ஒரே விடையைத் தருவதில்லை. டெக்சஸ் மாநிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஸ்பர் என்னும் ஊர், 2014-இல் தன்னைக் குறுவீடுகளை வரவேற்கும் முதல் ஊர் என்று அறிவித்தது. ஆனால் சக்கரங்களைக் கழற்றி வீட்டை அடித்தளத்தில் ஊன்ற வேண்டும் என்று பின்னர் விதித்தது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ அளவில் பெரிய நகரம். சக்கரத்தின் மேல் உள்ள வீட்டையே பின்கொல்லைத் துணைக் குடியிருப்பாக ஏற்கும் விதியை அது 2016-இல் நடைமுறைப்படுத்தியது. இவை இரண்டுக்கும் இடைப்பட்டு, உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் உல்லாச ஊர்திகளை நிறுத்துவதற்கான வளாகங்களிலும், பல குறுவீடுகளை ஒரே மனையில் தொகுத்துக் கட்டும் திட்டக் குடியிருப்புகளிலும் மட்டும் இடம் தரும் நகரங்கள் உள்ளன.

சக்கரத்தோடு இருக்கும்வரை அந்த வீடு நம் சட்டத் தமிழில் சொன்னால் அசையும் சொத்து. அதற்கு வேண்டியது தரிப்பிடம். சக்கரத்தைக் கழற்றி அடித்தளத்தில் ஊன்றி நிலத்தோடு பிணைத்துவிட்டால் அது அசையாச் சொத்தாகக் கருதப்படும் தகுதியைப் பெறுகிறது. அதன்பின் அதற்கு வேண்டியது மனை. தமிழில் மனை என்பது வீடு கட்டும் நிலத்துக்கும் பெயர், கட்டிய வீட்டுக்கும் பெயர். திட்டமிடல் அலுவலரிடம் போகுமுன், தான் கேட்கப்போவது தரிப்பிடமா மனையா என்பதைக் குறுவீட்டுக்காரர் முடிவுசெய்துகொள்ள வேண்டும். விண்ணப்பப் படிவமும் கட்டணமும் அதைப் பொறுத்தே வேறுபடுகின்றன.