வீட்டுப்பாடக் கணக்கைக் கலந்து கொடுத்தால் என்ன ஆகும்?

எட்டாம் வகுப்பு மாணவியின் தாயார் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு பயிற்சி மையத்தில் மகளின் விரல் ரேகையை ஸ்கேன் செய்து, அவள் 'பார்த்துக் கற்கும்' வகை என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதற்கேற்ற வீடியோ வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். பள்ளியில் தினமும் ஒரே மாதிரி இருபது கணக்கு வீட்டுப்பாடம். அத்தனையும் சரியாகப் போடுகிறாள், ஆனால் பரீட்சையில் கோட்டை விடுகிறாள். பாடம் நடத்தும் முறைதான் அவளுக்கு ஒத்துவரவில்லையோ?"

ரேகை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விரல் ரேகைகள் தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்துக்குள் அமைந்துவிடுபவை. அவற்றைப் பார்த்து ஒரு குழந்தை எப்படிப் படிக்கும் என்று சொல்வதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் கிடையாது. இது ஜோசியம்தான். கம்ப்யூட்டரில் அச்சிட்டுத் தருவதால் அது ஆய்வாகிவிடாது. பெற்றோரின் கவலையைக் காசாக்கும் இந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, ரேகையை விடுவோம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரிப்பதாவது உண்மையா? பல ஆசிரியர்கள் மனதார நம்புகிற கருத்து இது. நம்மில் சிலருக்குப் படம் பிடிக்கும், சிலருக்குப் பேச்சு பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாக மனதில் நிற்குமா என்பதுதான் கேள்வி. அதைச் சோதிக்க ஒரே வழிதான் உண்டு. 'படக்காரர்'களில் பாதிப் பேருக்குப் படமாகவும் பாதிப் பேருக்குப் பேச்சாகவும் ஒரே பாடத்தை நடத்த வேண்டும். 'பேச்சுக்காரர்'களுக்கும் அப்படியே. பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு. அதில் படக்காரர்கள் படத்தாலும் பேச்சுக்காரர்கள் பேச்சாலும் முந்தினால்தான் அந்தக் கருத்து நிற்கும். 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். இப்படி முறையாகச் சோதித்த ஆய்வுகளே அபூர்வம். அவற்றிலும் சில அந்தக் கருத்துக்கு நேர் எதிராக இருந்தன. வகுப்பறையில் இதற்காகச் செலவு செய்ய ஆதாரம் போதாது என்று எழுதிவிட்டார்கள். எந்த வழியில் கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. நதிகள் எங்கே ஓடுகின்றன என்று அறிய யாராக இருந்தாலும் வரைபடம் வேண்டும்; ராகத்தை அடையாளம் காண யாராக இருந்தாலும் காதால் கேட்டாக வேண்டும்.

அந்த நால்வரில் டக் ரோரரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியின் இரண்டாவது பாதிக்கு விடை இவரிடம்தான் இருக்கிறது.

12 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகத் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் வேலி போட எத்தனை மீட்டர் கம்பி வேண்டும்? 34. உள்ளே முழுக்கப் புல் விரித்தால் எத்தனை சதுர மீட்டர்? 60. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு கட்டினால்? 13. மூன்றிலும் எண்கள் அதே இரண்டுதான். கூட்டி இரட்டிப்பதா, பெருக்குவதா, பிதாகரஸைக் கூப்பிடுவதா என்பதைச் சொல்வது வேலி, புல், கயிறு என்ற சொற்கள்தான். கணக்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

இப்போது 'பரப்பளவு' என்று தலைப்புப் போட்ட பயிற்சியில் இருபது கணக்கு வந்தால் குழந்தை என்ன செய்யும்? முதல் இரண்டு கணக்குகளைப் படிக்கும். மூன்றாவதிலிருந்து கேள்வியைப் படிக்கவே தேவையில்லை. கண்ணில் படுகிற இரண்டு எண்களைப் பெருக்கினால் விடை சரி. எந்த முறை என்று யோசிக்க வேண்டிய வேலையைத் தலைப்பே செய்து கொடுத்துவிடுகிறது. இருபது கணக்கில் அவள் பழகியது பெருக்கலை மட்டும்தான். பரீட்சைத் தாளிலோ தலைப்பு இருக்காது. பழகாத அந்த ஒரு வேலையைத்தான் அங்கே முதலில் செய்தாக வேண்டும்.

2007-இல் ரோரரும் கெல்லி டெய்லரும் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். அதிகம் பழக்கமில்லாத நான்கு கன வடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு குழு வடிவம் வாரியாகப் போட்டது, இன்னொரு குழு அதே கணக்குகளைக் கலந்து போட்டது. பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது எல்லாம் தலைகீழானது. வரிசைக்காரர்கள் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள், கலந்து போட்டவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த எண்கள் எனக்குச் சலிப்பதில்லை. நோட்டில் வரிசையாக விழும் டிக்குகள் கற்றுக்கொண்டதற்கு அடையாளம் இல்லை என்பதை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 2020-இல் ரோரர் குழு வெளியிட்ட ஆய்வில் ஃபுளோரிடாவின் 54 ஏழாம் வகுப்புகள் பங்கேற்றன. எல்லோருக்கும் அதே கணக்குகள், தாள்களில் வரிசை மட்டும் வேறு. சுமார் நான்கு மாதம் இப்படிப் போனது. அப்புறம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு திருப்புதல் தாள். அதற்கு ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தேர்வு. கலந்து பழகிய வகுப்புகளின் சராசரி 61 சதவீதம், வரிசையாகப் பழகியவை 38. இதற்குப் புதிய புத்தகமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கலந்து கொடுக்கும்போது ஒரே வகைக் கணக்கு நாள் கடந்து திரும்பத் திரும்ப வருவதால், மறக்கத் தொடங்கியதை நினைவிலிருந்து தோண்டி எடுக்கும் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கிறது.

அந்த ஆய்வுக்கு அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம் நிதி கொடுத்தது. நம் ஊரில் திரையும் டேப்லெட்டும் வாங்கப் பணம் ஒதுக்குகிற வேகத்தில், சில நூறு அரசுப் பள்ளிகளில் இப்படி ஒரு சோதனை நடத்தவும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டில் என்ன செய்யலாம்? புதுப் பாடம் தொடங்கும் நாளில் ஒரே வகைக் கணக்கு நாலைந்து போடட்டும், அது தேவை. அதற்குப் பிறகு இருபதையும் ஒரே மூச்சில் முடிக்க வைக்காமல், மீதியை அடுத்த வாரங்களுக்குப் பிரித்து வையுங்கள். தினமும் பழைய பாடங்களிலிருந்து பாடத்துக்கு ஒன்றாக எட்டுக் கணக்கை, தலைப்பு இல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், தப்பும் கூடும். முதல் சில வாரம் மகள் அலுத்துக்கொள்வாள். போட்டு முடித்ததும் விடையைச் சரிபார்த்து, தப்பானதை அன்றே மறுபடி போட வைக்க வேண்டும். பள்ளி ஆசிரியரிடமும் பேசிப் பாருங்கள். எண்ணிக்கையைப் பாதியாக்கிக் கலந்து கொடுத்தால் அவருக்குத் திருத்தும் வேலையும் குறையும்.