ரீஜனல் ரெஸ்பான்ஸ் டீம்: மண்டல எதிர்கொள் குழு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கச்சா எண்ணெய் கடலிலோ ஆற்றிலோ கொட்டிப்போனாலும், நச்சு வேதிப்பொருள் காற்றிலோ நிலத்திலோ பரவினாலும், அரசுத் துறைகளை ஒன்றுசேர்க்கும் பொறுப்பு 'ரீஜனல் ரெஸ்பான்ஸ் டீம்' என்ற அமைப்புக்கு உரியது. இதைத் தமிழில் எழுதப் புகுவோர் கைக்கு முதலில் அகப்படும் சொல் 'மீட்புக் குழு' என்பதே. நேஷனல் டிசாஸ்டர் ரெஸ்பான்ஸ் ஃபோர்ஸ் நம் நாளிதழ்களில் 'தேசிய பேரிடர் மீட்புப் படை' என்று நிலைபெற்றுவிட்டதே அதற்குக் காரணம். வெள்ளத்தில் சிக்கியவரைப் படகில் ஏற்றிவரும் படைக்கு அப்பெயர் பொருந்தலாம். இந்தக் குழுவோ யாரையும் மீட்பதில்லை. பொதுவாக விபத்து நடந்த இடத்துக்குக்கூடப் போவதில்லை.

அக்குழு செய்வது என்ன என்று தெரிந்துகொண்டால்தான் சொல்லைத் தேட முடியும். நாடு முழுவதற்கும் 13 குழுக்கள் உள்ளன: நடுவண் அரசின் பத்து மண்டலங்களுக்குப் பத்து, அவற்றோடு அலாஸ்கா, கரீபியன், பசிபிக் தீவுகள் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு குழுவுக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கடலோரக் காவல்படையும் இணைத் தலைமை வகிக்கின்றன; நடுவண் துறைகளின் பேராளர்களோடு, மாநில ஆளுநர் அமர்த்தும் பேராளர்களும், தொல்குடி அரசுகளின் பேராளர்களும் உறுப்பினராகின்றனர். களத்தில் ஆணையிடும் அதிகாரம் 'ஆன் சீன் கோஆர்டினேட்டர்' எனப்படும் கள ஒருங்கிணைப்பாளருடையது. பொதுவாக, உள்நாட்டு நீர்நிலை என்றால் முகமையின் அலுவலரும், கடற்கரை என்றால் காவல்படை அலுவலரும் அப்பணியை ஏற்பர். அவருக்கு அறிவுரை தருவது, ஆளும் கருவியும் வந்துசேர வழிசெய்வது, மாநில எல்லையைக் கடந்து பாதிப்பு பரவும்போது இருபுறத்து அரசுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது, இவை எல்லாவற்றுக்கும் முன்பாகத் திட்டம் தீட்டிவைப்பது ஆகியவை குழுவின் வேலைகள். விபத்து எதுவும் இல்லாத ஆண்டிலும் குறைந்தது இரு முறை அது கூட வேண்டும் என்பது விதி.

இந்த ஏற்பாட்டின் வேர் வேறொரு நாட்டின் கடலில் இருக்கிறது. 1967 மார்ச் 18 அன்று, ஏறத்தாழ 1,20,000 டன் கச்சா எண்ணெயுடன் சென்ற 'டோரி கேன்யன்' என்ற கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதியது. பிரித்தானிய அரசு வானூர்திகளைக் கொண்டு குண்டு வீசி எண்ணெயை எரிக்க முயன்றது; எண்ணெயைக் கரைக்கவென்று ஊற்றிய வேதிப்பொருட்கள் கரையோர உயிரினங்களுக்கு எண்ணெயைக் காட்டிலும் மிகுதியான கேட்டை விளைத்தன. யார் முடிவெடுப்பது, யாரைக் கேட்டு எடுப்பது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இல்லாததன் விளைவு இது. அதைப் பார்த்த அமெரிக்கா 1968இல் தன் முதல் தேசிய 'கன்டிஞ்சென்சி பிளானை', அதாவது விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே வகுத்த திட்டத்தை, வெளியிட்டது. தொடக்கத்தில் எண்ணெயைக் கருதி எழுந்த அத்திட்டம் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்துக்குப் பின் தீங்குதரு பொருட்களையும், 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கழிவுக் கிடங்குகளையும் தழுவி விரிந்தது. 1989இல் அலாஸ்காவில் 'எக்சான் வால்டீஸ்' கப்பலிலிருந்து ஏறத்தாழ 1.1 கோடி கேலன் எண்ணெய் கொட்டிய பிறகு, 1990இல் எண்ணெய் மாசுச் சட்டம் வந்து, மண்டலத்துக்கும் கீழே சிறு பகுதிகளுக்கான குழுக்களையும் திட்டங்களையும் சேர்த்தது.

கன்டிஞ்சென்சி என்பது 'தொடுதல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. வந்து தொடுவது, ஆகவே நேரிடுவது. தமிழில் 'நேர்' என்ற வினையும் எதிர்ப்படுதல், நிகழ்தல் என்ற இரு பொருளையும் தாங்குவதால் 'நேர்வு முன்திட்டம்' என்பது இதற்கு அழகாகவே பொருந்துகிறது. 'தற்செயல் திட்டம்' என்று எழுதினால் திட்டமே தற்செயலாக அமைந்தது போலாகிவிடும்.

இனி, 'ரெஸ்பான்ஸ்'. இதன் மூலமான லத்தீன் வினையில் 'திரும்ப' என்ற முன்னொட்டும், 'உறுதிமொழி தருதல்' என்ற பகுதியும் உள்ளன. பொறுப்பேற்று நிதி தருபவரைக் குறிக்கும் ஸ்பான்சர் என்ற சொல்லும், பொறுப்பைக் குறிக்கும் ரெஸ்பான்சிபிலிட்டி என்ற சொல்லும் இதே வேரின் கிளைகள். ஆகவே கடமை என்ற சாயல் இச்சொல்லில் தொடக்கம் முதலே இருந்துவருகிறது. தமிழில் நாம் ஆளும் இணைச்சொற்களில் 'மறுமொழி' கேள்விக்கு உரியது. 'துலங்கல்' தூண்டலுக்கு உடல் காட்டும் அசைவுக்கென்று பாடநூல்களில் ஒதுக்கப்பட்டுவிட்டது. 'எதிர்வினை' என்பதைத்தான் பலரும் தேர்வர். ஆனால் அது ஒரு வினை நடந்த பின்னரே பிறப்பது. திட்டமிடுதல் என்ற பெரும்பகுதியை அது வெளியே நிறுத்திவிடுகிறது.

அந்தப் பெரும்பகுதி எவ்வளவு முதன்மையானது என்பதற்கு எண்ணெய்ச் சிதறடிப்பான்களைப் பற்றிய விதியே சான்று. நீர்ப்பரப்பில் மிதக்கும் எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கும் இவ்வேதிப்பொருட்களைக் கள ஒருங்கிணைப்பாளர் தாமாகத் தெளித்துவிட முடியாது. மண்டலக் குழுவில் உள்ள முகமைப் பேராளரும், பாதிக்கப்படக்கூடிய நீர்ப்பரப்பின்மேல் அதிகாரமுள்ள மாநிலத்தின் பேராளரும் இசைய வேண்டும். இயற்கை வளங்களின் காப்பாளர்களான வணிகத் துறையையும் உள்துறையையும் கலந்துகொள்ள வேண்டும். மனித உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டுமே அவர் தனித்து முடிவெடுக்கலாம். எண்ணெயோ மணிக்கணக்கில் தன்மை மாறிவிடும். காலம் தாழ்ந்தால் தெளித்தும் பயனில்லை. ஆகையால் எந்தக் கடற்பரப்பில், எந்த நிலைமையில் தெளிக்கலாம் என்பதைக் குழு முன்னரே ஆய்ந்து ஒப்புதல் எழுதிவைக்கிறது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற எண்ணெய்த் துளையீட்டு மேடை வெடித்து 11 பேர் இறந்தபோது, கடற்பரப்பில் தெளிப்பதற்கு இத்தகைய முன் ஒப்புதல் கையில் இருந்தது. கடலடியில் எண்ணெய் பீறிடும் இடத்திலேயே செலுத்துவது அதற்குள் அடங்காததால் அதைப் புதிதாக ஆராய நேர்ந்தது. முடிவில் இரு வகையிலும் சேர்த்து ஏறத்தாழ 18 லட்சம் கேலன் சிதறடிப்பான் பயன்பட்டது.

வருமுன் செய்வதையும் வந்தபின் செய்வதையும் ஒருங்கே அடக்கும் தமிழ்ச்சொல் 'எதிர்கொள்ளல்' என்பது என் முடிவு. 'எதிர்' என்ற சொல்லுக்குப் பகை என்ற பொருள் மட்டும் இல்லை. தொல்காப்பியம் வருங்காலத்தை 'எதிர்வு' என்கிறது. 'எதிரதாக் காக்கும் அறிவினார்' என்ற குறள் தொடர் வரப்போவதை முன்னறிந்து காப்பவரைக் குறிக்கிறது. விருந்தினரை எதிர்கொள்வதும் பகையை எதிர்கொள்வதும், வருவது வந்து சேருமுன் நாம் முன்னே செல்வதைத்தான் காட்டுகின்றன. 'எதிர்கொள்ளல் குழு' என்பதைக் காட்டிலும் 'எதிர்கொள் குழு' என்பது சுருக்கமானது. வினைத்தொகையாதலால் மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கும் என்பது கூடுதல் நயம். இடையில் வல்லெழுத்து மிகாது.

'ரீஜனல்' என்பதற்கு வட்டாரம், மண்டலம், பிராந்தியம் என மூன்று சொற்கள் போட்டியிடுகின்றன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் என்று ஒரே ஆங்கிலச் சொல்லை அரசே இருவிதமாக எழுதிவருகிறது. அமெரிக்கக் குழுக்களில் ஆறாம் எண்ணுள்ளது டெக்சாஸ், லூசியானா, ஆர்கன்சா, ஓக்லஹோமா, நியூ மெக்சிகோ என்ற ஐந்து மாநிலங்களுக்கு உரியது. அத்தனை பரப்பை வட்டாரம் என்றால் சொல் திணறும். சோழர் ஆட்சியில் பல நாடுகளையும் வளநாடுகளையும் அடக்கிய பெரும்பிரிவின் பெயரான மண்டலமே இங்கு ஏற்றது. வடசொல்தான்; ஆயினும் தொண்டை மண்டலமும் சோழ மண்டலமும் தமிழ் வழக்கில் ஊறியவை.

'ஆயில் ஸ்பில்' என்பதை எல்லோரும் 'எண்ணெய்க் கசிவு' என்கிறோம். கசிவது சிறிது சிறிதாக ஊறி வெளிவருவது; 1.1 கோடி கேலனைக் கசிவு என்பது மிகவும் பெருந்தன்மையான சொல்லாட்சி. சிறியதற்கும் பெரியதற்கும் 'எண்ணெய்ச் சிந்தல்' பொருந்தும். குழாயின் விரிசல் வழியே நாள்கணக்கில் ஒழுகுவதற்குக் கசிவு இருக்கட்டும்.

குழுவின் இரு வடிவங்களுக்கும் தனிப்பெயர் தேவைப்படும். திட்டமிடவும் பயிற்சி நடத்தவும் எப்போதும் இருப்பதை 'நிலைக்குழு' என்றும், ஒரு குறிப்பிட்ட விபத்துக்காக, அதனால் பாதிக்கப்படும் மாநிலங்களையும் தேவையான துறைகளையும் மட்டும் கொண்டு கூட்டப்படுவதை 'நிகழ்வுக் குழு' என்றும் எழுதலாம். கள ஒருங்கிணைப்பாளரை அமர்த்திய அமைப்பே நிகழ்வுக் குழுவுக்குத் தலைமை வகிக்கும்.